அரை வாளித் தண்ணீர்

தபீதாளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் வாய் திறக்கும். அந்தத் திங்கட்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கத்து ஃபிளாட்டில், எல்லார் கண்ணெதிரிலும் சுந்தரராமன் சார் அவளுடைய குடத்தைக் கவிழ்த்தபோது, காது சிவந்தது. பாழாய்ப்போன வாய்தான் திறக்கவில்லை. அதற்காகத் தன்னையே அவள் திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கோடை. மழை ஏமாற்றி, கிணறெல்லாம் வாய் பிளந்து கிடந்த காலம். போர் போட்டவர்களுக்குத் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. ஃபிளாட்டுக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்கித் தரைக்கடியில் இருந்த தொட்டியில் நிரப்பி, அதற்குப் பூட்டும் போட்டார்கள். அந்த நேரத்தில் காருக்கு எவன் ஹோஸ் பைப்பைப் பிடிப்பான்? ஃபிளாட் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: ஒரு காருக்கு அரை வாளி, அதற்குமேல் அலசுவதற்கென்று ஒரு சொட்டும் கிடையாது. அதுவரை கார் கழுவிக்கொண்டிருந்த ஆள், அலசாமல் கழுவுவதாவது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த இடத்துக்குத்தான் தபீதாள் வந்தாள். சம்பளம் சொற்பம். ஆனால் வேலையோடு ஒரு வாக்கும் கொடுத்தார்கள்: தினமும் அந்தத் தொட்டியிலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு போகலாம். அவள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் லாரியில் குடுமிப்பிடிச் சண்டை போட்டால்தான் நாலு குடம். வீட்டில் அவளும் புருஷன் சின்னப்பனும் இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகள் தாகத்துக்குக் குடிப்பது அந்த இரண்டு குடத்தில்தான். சம்பளத்தைக் குறைத்திருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். தண்ணீரை விடமாட்டாள்.

அலசாமல் கழுவுவது அவளுக்கு ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரியவில்லை. சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் எட்டு வருஷம், தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தவள். கம்பெனியை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்கள். கண்ணும் கையும் மட்டும் அவளோடு வந்துவிட்டன. காருக்கு எட்டு பனியன் துணி எடுப்பாள். எட்டையும் ஒரேயடியாக அரை வாளியில் நனைப்பாள். ஒவ்வொன்றையும் நாலாக மடித்தால், திருப்பிப் போட எட்டுப் பக்கம் கிடைக்கும். மேலிருந்து கீழே, முன்னாலிருந்து பின்னால், ஒரே நேர்கோடாக ஒரு இழுப்பு. அடுத்த இழுப்புக்கு வேறு பக்கம். அழுக்கான துணி திரும்ப வாளிக்குள் போகாது, அது சத்தியம். கடைசியில் சக்கரம், அதற்குத் தனியாக ஒரு கந்தல். எல்லாம் முடிந்தபிறகுதான் மிச்சத் தண்ணீரில் அழுக்குத் துணிகளை அலசி, அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். எட்டுக் காரும் கண்ணாடி மாதிரி நின்றன. வாட்ச்மேன் வடிவேலுகூட, அக்கா கையில் வித்தை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சுந்தரராமன் சார் பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆயுசுக்கும் பஸ்ஸில் போய்விட்டு, அறுபதாவது வயதில் வாங்கிய முதல் கார். கறுப்பு நிறம். தூசு நிறைந்த ஊரில் கறுப்புக் கார் வாங்கினால் பாடுபடத்தான் வேண்டும். அமெரிக்காவிலிருந்த மகன் ஒரு பாட்டில் அனுப்பியிருந்தான், அலசத் தேவையில்லாத ஷாம்பு. தினமும் காலையில் அவரே ஒரு மூடி அளந்து தபீதாளின் வாளியில் விடுவார். ஒரு சொட்டு கீழே விழுந்தாலும் முகம் சுருங்கும். ஒரு சனிக்கிழமை அவள் மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப்போனதைப் பார்த்துவிட்டார். தண்ணீரும் ஷாம்பும் சேர்ந்து வீணாகிறதே என்று பதறிப்போய், வாளியோடு அங்கேயே வைக்கச் சொல்லி, மேலே ஒரு மூடியும் போட்டுக்கொண்டார். துணி அலசின தண்ணீர் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அவருக்கு அது தெரியுமாம். படிக்கட்டுத் துடைப்பார் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள். கோயிலுக்குப் போகிற நாள்.

திங்கட்கிழமை வந்து நின்றால், கறுப்பு பானெட் முழுக்கக் கீறல். வெயில் பட்டதும் பளபளவென்று தெரிந்தது. சுந்தரராமன் சார் கத்தினார். சத்தம் கேட்டு நாலு வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். கந்தலைப் போட்டுத் தேய்த்தாயா, மண்ணோடு தேய்த்தாயா என்று கேள்வி மேல் கேள்வி. அவள் குனிந்து பார்த்தாள். சனிக்கிழமைவரை இல்லாத கீறல், எங்கிருந்து வந்தது? ஒருவேளை நம் கைதானோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாளே, அந்த ஒரு கணம்தான் அவள் வாயைக் கட்டியது. அதற்குள் அவர், அவள் மொண்டு வைத்திருந்த குடத்தைத் தூக்கினார்.

"இந்தக் காரியத்துக்கு உனக்கு ரெண்டு குடம் தண்ணி வேறயா?" என்றார். குடத்தைத் தொட்டிக்குள்ளேயே கவிழ்த்தார். இன்னொரு குடம் காலியாகவே நின்றது.

சங்கத்துச் செயலாளர் ஞானஜோதி சார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாளையிலிருந்து வரவேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றுமட்டும் சொன்னார்.

காலிக் குடத்தோடு நடந்தாள். வேளச்சேரி ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்த மண் முகத்தில் அடித்தது. அடித்தால் அடிக்கட்டும். வேலையைப் பிடுங்கியிருந்தால் பரவாயில்லை, சபையில் வைத்துக் குடத்தைக் கவிழ்த்தானே மனுஷன்! பிச்சைக்காரியின் தட்டைத் தட்டிவிடக்கூட யோசிப்பார்களே!

வீட்டில் சின்னப்பன், பெரிய இடம், நமக்கெதுக்கு வம்பு, விட்டுத்தள்ளு என்றான். அவளுக்கு வந்த கோபத்தில் அவனையும் சேர்த்துத் திட்டினாள். அவன் தெரு லாரியில் பிடித்த பானைக்குள் டம்ளரை ஆழமாக விட்டு மொண்டு குடித்தான். குடித்தவன் தூவென்று துப்பினான். வாயெல்லாம் மண்.

"லாரித் தண்ணிய மேலால மொள்ளணும்னு தெரியாதா உனுக்கு? அடில அத்தினியும் மண்ணு கீது," என்று கத்தினாள் தபீதாள்.

கத்திய வாய் அப்படியே நின்றது. மேலே தெளிவு, அடியில் மண். சனிக்கிழமை மூடி போட்டு வைத்த வாளி. அதோடு இன்னொன்றும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. பானெட்டில் இருந்த கீறலெல்லாம் வட்டம் வட்டமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் கை வட்டமாக எதையும் துடைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு ஃபிளாட்டுக்குப் போனாள். கேட்டில் வடிவேலுவைப் பிடித்துக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாரே காரைத் துடைத்தார் என்றான். நேற்றே ஏன் சொல்லவில்லை என்றதற்குத் தன் செருப்பைப் பார்த்தான். உன்னோடு பிறகு பேசிக்கொள்கிறேன் என்று உள்ளே போனாள்.

தொட்டியைத் திறக்கிற நேரம், எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஞானஜோதி சார் முகத்தைச் சுளித்தார். அவள் அவரைத் தாண்டிக் கறுப்புக் காருக்குப் பக்கத்தில் போனாள். மூடி போட்ட வாளி அதே இடத்தில் இருந்தது. தண்ணீரைக் கொட்ட அந்தக் காலத்தில் யாருக்குத்தான் மனசு வரும்? மூடியைத் திறந்தாள். மேலே தண்ணீர் தெளிந்து கிடந்தது.

"ஞாயித்துக்கெழம இத்தவெச்சுத்தான தொடச்சே சார்?"

சுந்தரராமன் சார் ஒப்புக்கொண்டார். பாட்டிலில் போட்டிருந்தபடிதான் துடைத்தாராம், ஒரே ஒரு துணியை நனைத்து நனைத்து. நேற்று அதை ஏன் சொல்லவில்லை? மறந்தாரா மறைத்தாரா, அது அவருக்கும் கர்த்தருக்கும்தான் வெளிச்சம்.

தபீதாள் வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் வீணாகிறது என்று இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பக்கத்து வாளியில்தான் வடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கு வந்ததும் கையை விட்டு அள்ளி, அவருடைய உள்ளங்கையைப் பிடித்து வைத்தாள். ஒரு கைப்பிடி மண். வேளச்சேரி ரோட்டு மண்.

"தேச்சுப் பாரு சார்," என்றாள்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவர் மற்றக் கையால் தேய்த்தார். தோசை வார்க்கிறவர்போல வட்டமாகத் தேய்த்தார். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள், பிறகு பானெட்டைப் பார்த்தார்கள். அவர் மனைவி மகாலட்சுமி பின்னாலிருந்து, "டைனிங் டேபிளையும் இவர் இப்படித்தான் துடைப்பார்," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞானஜோதி சார் தொண்டையைச் செருமினார். ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது, பெரிதுபடுத்த வேண்டாம், வழக்கம்போல வேலையைப் பார், வழக்கம்போலத் தண்ணீரும் எடுத்துக்கொள் என்றார். குழந்தையின் கையில் மிட்டாயைத் திணிக்கிற குரல்.

தபீதாளுக்குக் காது சிவந்தது. இந்தமுறை வாயும் திறந்தது.

"நான் எட்த்துக்க மாட்டேன் சார். எவரு கவுத்தாரோ, அவரே ரொப்பித் தரட்டும். அப்பால துணியத் தொடறேன்."

குடத்தைத் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். வடிவேலு கயிறு கட்டிய வாளியை எடுக்க ஓடி வந்தான். நீ தள்ளிப்போ என்று ஒரு பார்வை பார்த்தாள். சுந்தரராமன் சார் கையிலிருந்த மண்ணை உதறினார். வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து தொட்டிக்குள் வாளியை விட்டார். இழுத்து ஊற்றினார், மறுபடி விட்டார். மூச்சு வாங்கியது. குடம் கழுத்துவரை நிரம்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

தபீதாள் நிறைகுடத்தை நகர்த்தி வைத்தாள். காலிக் குடத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தாள்.

"ரெண்டு, சார்," என்றாள்.