பிளாஸ்திரி ஒட்டிய குமிழ்

இதில் ஒரு வரிகூடச் சேர்த்துச் சொன்னதில்லை. நடந்தது சேலத்தில். 1983 மே 12, வியாழக்கிழமை. ராத்திரி அல்ல. மண்டையைப் பிளக்கும் பட்டப்பகல்.

சாரதாமணியைத் தெரிந்தவர்கள் இதை நம்புவார்கள். நாலு பேர் எதிரே உண்மையைச் சொல்லவே அவளுக்கு நாக்கு எழாது. பொய்யை எங்கே சொல்ல?

செவ்வாய்ப்பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். பி.எஸ்ஸி. இயற்பியல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தானாக மூச்சு விட முடியாதவர்களுக்குக் குழாய் வழியே காற்றைத் தள்ளும் பச்சைப் பெட்டி அது. கரண்ட் வேண்டாம், ஆக்சிஜன் சிலிண்டரின் வேகமே போதும். ஸ்ஸ்ஸ்ஸ்... என்று காற்று ஏறும். அழுத்தம் காட்டும் முள் முப்பதைத் தொட்டதும், டக். காற்று இறங்கும்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருகி வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் நெஞ்சு வேறு, அதனால் அழுத்தமும் வேறு என்று மெஷினோடு வந்த புத்தகம் சொன்னது. பெரிய டாக்டர் வெள்ளியங்கிரிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. மூட்டை தூக்குபவனுக்கும் முப்பது, முருங்கைக்காய் மாதிரி இருப்பவளுக்கும் முப்பது. யாரும் தொடாமலிருக்கக் குமிழின் மேல் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தார்.

அன்று மெஷினில் கிடந்தவள் சௌந்திரம். ஓமலூர்ப் பக்கம். வயது பதினாறு, ஒட்டிப்போன உடம்பு. களத்தில் படுத்திருந்தவளைக் கட்டுவிரியன் தீண்டியிருந்தது. கை கால் அசையவில்லை. இமைகூடத் திறக்கவில்லை. விஷம் இறங்கும்வரை மெஷின்தான் உயிர்.

ஒவ்வொரு முறை காற்று ஏறும்போதும் அவள் நெஞ்சு கிழிந்துவிடுவது போல் புடைத்தது.

“ஏனுங்க கண்ணு, புள்ள நெஞ்சு வெடிக்கற மாதிரி தூக்குதுங்களே?” என்றாள் தாய் சென்னம்மாள்.

சாரதாமணி எழுந்து டாக்டரின் அறைக்குப் போனாள். வாசலில் நின்று மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

“சார்... சௌந்திரத்துக்கு முப்பது அதிகமுங்க. பதினாறு போதுமுங்க.”

“டாக்டர் சாரதாமணி வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கப்பா!” என்றார் அவர். நர்சுகள் சிரித்தார்கள். “பிசிக்ஸ்தானே படிச்சே? போயி ஃபியூஸ் போடு. நெஞ்சை நான் பாத்துக்கறேன்.”

திரும்பி வந்தாள். காது மடல் எரிந்தது. அவர்மேல் கோபம். பதில் சொல்லாத தன் வாயின்மேல் அதைவிடக் கோபம்.

மணி 1.50. கரண்ட் போனது. காற்றாடி நின்றது. சென்னம்மாள் தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள். அறையில் சாரதாமணியும் சௌந்திரமும் மட்டும். கதவு சாத்தியிருந்தது.

மணி 2.10. சத்தம் மாறியது.

ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக்.

முள்ளைப் பார்த்தாள். பதினாறு. பிளாஸ்திரி குமிழில் இல்லை. கட்டில் கம்பியில் ஒட்டியிருந்தது. நீவி, மடிப்பில்லாமல்...

சௌந்திரத்தின் நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது.

வேலை போய்விடும். அந்தப் பயம்தான் சாரதாமணிக்கு முதலில் வந்தது. குமிழை முப்பதுக்குத் திருப்பினாள். பிளாஸ்திரியை எடுத்து அழுத்தி ஒட்டினாள்.

2.14. ஸ்ஸ்... டக். மறுபடியும் பதினாறு.

மறுபடியும் முப்பதுக்குத் திருப்பி, பிளாஸ்திரியை ஒட்டினாள். குமிழ் சில்லென்றிருந்தது. மே மாத வெயிலில்...

2.17. அவள் கண்ணெதிரே பிளாஸ்திரி உரிந்தது.

சர்ர்ர்...

குமிழ் தானே பதினாறுக்குத் திரும்பியது. கையை நீட்டினாள். மணிக்கட்டை எதுவோ பிடித்தது.

ஐந்து விரல்கள்.

பிடி இறுகியது. கோபத்தில்.

“தொடலைங்க... இனித் தொடலைங்க...”

பிடி விட்டது.

2.25. டாக்டர் வந்தார். முள்ளைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டுத் தொட்டே?”

“நான் தொடலைங்க. நீங்களும் தொடாதீங்க சார். பதினாறே இருக்கட்டும்.” அவளுக்கே அது யார் குரல் என்று இருந்தது.

“வெளியே போ!”

அவர் குமிழை முப்பதுக்குத் திருகினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

சௌந்திரத்தின் நெஞ்சு அசையவில்லை.

டாக்டரின் நெஞ்சு ஏறியது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

டக் வரவில்லை. முள் முப்பதைத் தாண்டியது. முப்பத்தைந்து... நாற்பது... சட்டைப் பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது. அவர் கண் பிதுங்கியது. வாய் திறந்திருந்தது. மூச்சு மட்டும் வெளியே வரவில்லை.

தடவித் தடவிக் குமிழைப் பிடித்தார். திருகினார்.

பதினாறு.

டக்.

மூச்சு வெளியேறியது. தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல் போனார்.

ஐந்தாம் நாள் சௌந்திரத்தின் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். அவள் கேட்ட முதல் கேள்வி இது:

“இன்னொரு அக்கா எங்கீங்க?”

“எந்த அக்கா?” என்றாள் சாரதாமணி.

“எனக்குக் கண்ணுதான் தொறக்கலீங்க. காது நல்லாக் கேட்டுச்சு. பதினாறு, பதினாறுன்னு எங்காதுகிட்டயே சொல்லிட்டு இருந்தாங்களே... நீங்ககூட அவங்க வெச்சதை ரெண்டு தடவை மாத்துனீங்க.”

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நல்லம்மாளின் கை நின்றது. சாரதாமணியை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

“உனக்கு முந்தி இந்த வேலை பாத்தது வசந்தாமணிங்கற புள்ள சாமி. இதே சண்டைதான் டாக்டருகிட்ட. பொறவு ஊருக்குப் போன எடத்துல அதையே கட்டுவிரியன் கடிச்சுப் போட்டுது. இதே கட்டிலு. இதே மெஷினு. முப்பதுதான் வெச்சாரு. ஆரும் கொறைக்கக் கூடாதுன்னு அன்னிக்குத்தான் பிளாஸ்திரி ஒட்டுனாரு.”

சாரதாமணி பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தாள். வசந்தாமணி, வயது 22. மெஷினில் இரண்டு நாள். நுரையீரல் கிழிந்து மரணம். நேரம், மதியம் 2.10.

இமை திறக்காத அந்த இரண்டு நாளும் வசந்தாமணிக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கும்.

ஸ்ஸ்ஸ்ஸ்... டக்.

ஸ்ஸ்ஸ்ஸ்... டக்.

முள் எங்கே நிற்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தவள் அவள்.