சக்கரம் தரை தொடும் இடம்

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் ரோச் அண்ணாச்சியின் டயர் கடை இருந்தது. சென்னையில் ஏலம் போகும் பழைய விமான டயர்களை வரவழைத்து, உப்பு ஏற்றும் மாட்டுவண்டிகளுக்கு விற்பார். அவருடைய அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். அண்ணாச்சிக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் ஏறினாலே வாந்தி.

வந்திறங்கும் ஒவ்வொரு டயரையும் விரலால் தடவிப் பார்ப்பார். பக்கத்து லாரி ஆபீசில் வேலை பார்த்த நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"இது மழையில எறங்கியிருக்குலே. பிரேக்கு பிடிச்சும் நிக்காம வழுக்கியிருக்கு" என்று தட்டையாய்த் தேய்ந்து கருகிய ஓரிடத்தைக் காட்டுவார்.

வண்டிக்கார நயினார் விடமாட்டார். "இத மாட்டுனா எம் மாடு பறக்குமா அண்ணாச்சி?"

"உம்ம மாடு நடந்தாலே பெரிய காரியம்வே."

பதினொரு வருடமாக அந்தத் தழும்புகளைத் தடவியவர், விமானம் தரை தொட்டுப் பார்த்ததே இல்லை. "மேல சுத்தாமத் தொங்குத சக்கரம்லே. தரையில பட்டதும் ஒரு நொடி உரசும், பொகையும். பொறவுதான் உருளும். அந்த ஒரு நொடியப் பாத்துட்டாப் போதும்" என்பார்.

எழுபத்து நாலாம் வருடம் ஆடியில் என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். மதியம் ஒரு விமானம் வரும் என்று விசாரித்து வைத்திருந்தார். ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடந்தது. மேற்கிலிருந்து வீசிய ஆடிக்காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"எந்தப் பக்கம் எறங்கும் அண்ணாச்சி?"

"காத்து பின்னால இருந்து தள்ள, மேக்கேருந்துதான் வரும். தோணியில பாய் விரிச்சவன் மகன்ட்ட வந்து கேக்கான் பாரு!"

மேற்குக் கோடி வேலியோரம் போய் நின்றோம். அவர் மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க, விமானம் கிழக்கிலிருந்து வந்து மறுகோடியில் இறங்கியது. கானலில் புகை எழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஓடி வந்தபோது சக்கரங்கள் எந்த வண்டியின் சக்கரங்களையும் போல உருண்டுகொண்டிருந்தன.

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்த பெண் சிரித்தாள். "காத்துக்கு எதுத்தாப்லதான் எறங்கும். அப்பத்தானே வேகம் அடங்கும்?"

அண்ணாச்சி வேலியை ஒட்டியே கிழக்குக் கோடி வரை நடந்தார். அங்கே ஓடுபாதையின் மேல் ரப்பர் இழுத்த கரிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கம்பிக்குள் கையை விட்டார். கோடுகள் எங்கோ தள்ளி இருந்தன.

"பஸ் போயிரும் அண்ணாச்சி."

"நீ போலே. நாளைக்கும் ஒண்ணு வரும்லா?"

செருப்பைக் கழற்றிவிட்டு, வேலியடிப் புல்லில் உட்கார்ந்தார்.