முழந்தாளிட்ட மெழுகுதிரிகள்

இரசாயனப் பொறியியலுக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், உயர்தரப் பரீட்சைக்குக் கணிதம் படித்தேன், பெறுபேறு நன்றாக வந்தது என்று சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். உண்மையில் அந்த வழி எங்கள் வீட்டுக் கோடியில் நின்ற பப்பாசி மரத்தில் தொடங்குகிறது.

போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலம். கடைகளில் மெழுகுதிரி கண்ணில் காண்பதற்கில்லை. கார்த்திகையில் வரும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு எங்கள் இடுகாடான சேமக்காலையில் ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு திரியாவது எரிய வேண்டும். எங்கள் கடற்கரைப் பெண்கள், எரிந்து மிஞ்சிய கட்டை மெழுகுகளைப் பொறுக்கிச் சேர்த்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"பிள்ளை கெமிஸ்றி படிக்கிறாள்தானே, அவள் காய்ச்சட்டும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. அவருடைய மகனைக் கடல் கொண்டுபோய், உடலை மட்டும் கரையில் ஒதுக்கியது அந்த வருடம்தான்.

எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், துள்ளித் திரிந்தேன். பப்பாசி இலைக்காம்புக் குழலுக்குள் நூலை இழுத்துக் கட்டி, உருகிய மெழுகை ஊற்றி, ஆறியதும் குழலைக் கீறி உரித்தால் அச்சொட்டாக மெழுகுதிரி! ஆனால் எல்லாக் கல்லறைக்கும் மெழுகு காணாது. தேங்காயெண்ணெய் கலந்து பெருக்கினேன். வீட்டுக்குள் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேன், நன்றாகவே எரிந்தது. படித்த பிள்ளைக்கு அதற்குமேல் சோதிக்கத் தோன்றவில்லை.

திருநாளன்று காலையில் மழை, பின்னேரம் சுள்ளென்று வெயில். திரிகளை நட்டுவிட்டு, கல்லறைகளை ஆசீர்வதிக்க வரும் சுவாமியாருக்காகக் காத்திருந்தோம். மாமியின் மகனுடைய கல்லறையில் நின்றதுதான் முதலில் தலை சாய்த்தது. பிறகு வரிசையாக எல்லாம் வளைந்தன. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

மாமி குனிந்து அந்தத் திரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இஞ்சை பாருங்கோ, பிள்ளையின்ரை மெழுகுதிரியள் முழந்தாளிலை நிக்குது!" என்றார். அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தார். மற்றப் பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"ஆரும் ஓடிப்போய்ச் சிரட்டையளை எடுத்து வாங்கோ" என்று அவரே சொன்னார். எங்கள் வீடுகளில் தேங்காய்ச் சிரட்டைக்கு எப்போதும் பஞ்சமில்லை. வளைந்த திரிகளை முறித்துச் சிரட்டைகளில் போட்டு ஏற்றினோம். ஒரு கல்லறையும் இருட்டில் கிடக்கவில்லை. ஆனாலும் நான் வீடு வரும்வரை அழுதேன்.

அடுத்த வருடம் கட்டை மெழுகுப் பையோடு முதல் ஆளாக வந்தவர் மாமிதான்.

"நான் பழுதாக்கிப் போடுவன் மாமி" என்றேன்.

"இந்தமுறை வெயிலிலை வைச்சுப் பார், என்ன?" என்று பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் காய்ச்சி, கிணற்றுக்கட்டு வெயிலில் நிறுத்திவைத்துக் காவலிருந்தேன். வளையாத கலவை கைக்கு வந்தபோது, இந்த வேலைதான் எனக்கு என்று விளங்கியது. பின்னர் பல்கலைக்கழகத்தில் பிரிவைத் தெரிவுசெய்யச் சொன்னபோது, கூடப் படித்தவர்கள் எல்லோரும் யோசித்தார்கள், நான் யோசிக்கவில்லை. மகனுக்கென்று வைத்திருந்த மெழுகை, ஒருமுறை கெடுத்தவளிடமே திரும்பத் தந்த மனுசிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

அந்தக் கார்த்திகையில் அவனுடைய கல்லறையில் திரி நிமிர்ந்து நின்று எரிந்தது. அது அடிவரை எரிந்து முடியும்வரை மாமி அவ்விடத்தை விட்டு அசையவில்லை. என் கையையும் விடவில்லை.