சாவைக் கண்டால் ஆயுசு கெட்டி

அந்தப் புத்தகத்தின் முதுகு கிழிந்து போயிருந்தது. அத்தான் அதற்குச் சரக்குப் பெட்டிகளுக்கு ஒட்டும் பழுப்பு டேப்பை ஒட்டி வைத்திருந்தார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் குவீன்ஸ்டவுனிலிருந்து சாங்கிக்குப் போக பஸ் மாறி பஸ் ஏற வேண்டும். போகவர மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஒப்பேற்ற, பிராஸ் பாசாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் இருந்ததிலேயே கனமான புத்தகமாகப் பார்த்து வாங்கினார். ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துப் பழங்கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு அது. சரக்குப் பிரிவுக்காரர் இலக்கியத்தைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குவார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். எனக்கு அப்போது வயது முப்பதை நெருங்கியிருந்தது, கல்யாணமும் ஆகியிருந்தது. ஆனாலும் வீட்டில் என்னைப் பொறுப்பான ஆள் என்று யாரும் தவறிக்கூடச் சொன்னதில்லை. "இவன் சாவு வீட்டுலயும் சிரிக்க வச்சிருவான்" என்பார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட புத்திசாலி நான்.

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் அக்காவும் என் மனைவியும் சமைக்க மேலே அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அத்தானும் நானும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்துகொள்வோம். அந்த வாரம் பஸ்ஸில் படித்ததையெல்லாம் அவர் சொல்லுவார். அந்தக் கதைகளில் வாளைவிடக் கனவுக்கு வேலை அதிகம் போலிருந்தது. ஓநாய்க் கூட்டம் தன்னைச் சுற்றி வளைப்பதாக ஒருவன் கனவு காண்பான். சில நாளில் எதிரிகள் வந்து நிற்பார்கள், தலை எண்ணிக்கைகூடப் பிசகாது. கடலோரத்துக் கதைகளில், மூழ்கிச் செத்தவன் ஒருவன் பாதிப் படகில் துடுப்புப் போட்டு வருவான். அவனைக் கண்டவன் கரை திரும்ப மாட்டான். தெய்வங்களின் தலைவனே, மகனுக்கு வந்த கெட்ட கனவுக்கு அர்த்தம் கேட்டு, செத்துப்போன குறிக்காரி ஒருத்தியைப் புதைகுழியிலிருந்து எழுப்புகிறான். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். தெரிந்துகொண்டும் அவனால் எதையும் தடுக்க முடியவில்லை.

அத்தானை இது உலுக்கிவிட்டது. "நம்ம சூசையப்பருக்குக் கனவு வந்தா, கூடவே வானத்துலேர்ந்து சம்மனசும் வந்து, குழந்தை இயேசுவத் தூக்கிக்கிட்டு எகிப்துக்கு ஓடுன்னு வழி சொல்லும். இங்க வழி கிடையாது லா மாப்ளே. சேதி மட்டும்தான்" என்றார்.

"அவங்க ஊர்ல அப்ப ஏர்போர்ட் இல்ல அத்தான். எகிப்துக்கு எப்படிப் போவாங்க?" என்றேன் நான்.

அவர் சிரித்தார். அவர் சிரித்துவிட்டால் எனக்கு அந்த வாரத்து வேலை முடிந்தது.

இன்னொரு நாள், மனிதனுக்கு முன்னால் நடக்கும் துணையுருவைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொருவனுக்கும் ஒன்று உண்டாம், யார் கண்ணுக்கும் தெரியாதாம். சொந்த உருவத்தைச் சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டவனுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தமாம். "எனக்கு முன்னால என் தொப்பைதான் நடக்குது. அதை தினம் பாக்குறேனே" என்றேன்.

அத்தான் வீடு ஏழாவது மாடி. அந்தக் காலத்து லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தில் நிற்கும், அப்புறம் ஒன்பதில்தான் நிற்கும். அத்தான் எப்போதும் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவார், உடம்புக்கு நல்லது என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒன்பதாவது பொத்தானை அழுத்தினார். இருவரும் ஒன்பதில் இறங்கிக் கீழ்நோக்கி நடந்தோம். "என்ன அத்தான், மோட்சத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோமா?" என்று கேட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

எட்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். "ஒரு கனவு வந்துச்சு மாப்ளே. வேலை முடிஞ்சு வந்து கீழ லிஃப்டுக்கு நிக்கிறேன். கதவு திறக்குது. உள்ள நான் நிக்கிறேன். இதே யூனிஃபார்ம், தலையெல்லாம் ஈரம். என்னை ஒரு பார்வை பாத்துட்டு பட்டன அழுத்துறான். கதவு மூடிக்கிச்சு. நான் வெளியவே நிக்கிறேன்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எந்த பட்டன்னு பாத்தீங்களா? நாலு நம்பரும் சொல்லுங்க, சேர்ந்து லாட்டரி எடுப்போம்" என்றேன். அவர் முகம் மாறாததைப் பார்த்து, போனால் போகிறது என்று ஒரு ஆறுதலும் சேர்த்தேன். "அட, சாவு கண்டா ஆயுசு கெட்டி அத்தான். நம்ம ஆளுங்களுக்குக் கனவெல்லாம் தலைகீழ். கல்யாணம் கண்டாத்தான் பயப்படணும்."

"அப்படியா" என்றார். பிறகு, "அதுவும் சரிதான்" என்று மீதிப் படிகளை இறங்கினார். மதியம் மீன் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன். அவர் சாப்பிட்டாரா என்று பார்க்கத் தோன்றவில்லை.

பதினோரு நாள் கழித்து, வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் அவர் இறந்து போனார். நெஞ்சுவலி. கடைசி நிறுத்தத்தில், அவர் தூங்குகிறார் என்று நினைத்து, டிரைவர் வந்து தோளைத் தட்டியிருக்கிறார். ஒரு மாதமாகவே படி ஏறினால் மூச்சு வாங்கியது என்று உடன் வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள். டாக்டரிடம் போகச் சொன்னார்களாம், போகிறேன் போகிறேன் என்றாராம்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, எல்லாரும் போனதும், அக்கா சமையலறையில் என்னைக் கேட்டாள். "தம்பி, உன்கிட்டதான் அவ்வளவு பேசுவாரு. ஏதாச்சும் சொன்னாரா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயில் வேடிக்கை எதுவும் வரவில்லை. கனவைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அக்கா குழாயை மூடினாள். "என்கிட்டயும் சொன்னாரு. ஆயுசு கெட்டிங்க, போய்க் குளிங்கன்னுட்டு நான் அரிசி களையப் போயிட்டேன்" என்றாள்.

இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம். அம்மா எங்களுக்குச் சொன்னது, அவளுக்கு அவள் அம்மா சொன்னது. பிள்ளை பயந்து எழுந்தால் திரும்பத் தூங்க வைக்கச் சொல்லும் வார்த்தை. அவரையும் தூங்க வைத்துவிட்டோம்.

அக்கா அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். அதை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அவர் எனக்குச் சொல்லாத ஒன்று அதில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அந்த ஆட்கள் வீம்புக்காரர்கள். பயமாக இருக்கிறது என்று ஒருவனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். இப்படியொரு கனவு கண்டேன் என்று மட்டும் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லுவான். பக்கத்தில் இருப்பவன், பெரும்பாலும் அவன்மேல் பாசம் உள்ளவன்தான், காற்று மாறப்போகிறது, அதனால்தான் அப்படி ஒரு கனவு என்று சொல்லிவிட்டு எழுந்து போவான். குறி பலிப்பதைவிட அந்த இடம்தான் என்னைப் படிக்கவிடாமல் நிறுத்தியது.

போன மாதம் பிடோக்கிலிருந்து என் மகள் போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே, "அப்பா, ஒரு சில்லி டிரீம் லா, வீட்ல கதவே இல்ல, ரூம் ரூமா தேடுறேன்" என்று சிரித்தாள். கிழவனாகியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. மூன்று நகைச்சுவை நுனிநாக்கில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு, "உனக்கு என்னம்மா பயம்?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. நான் போனை வைக்கவில்லை. பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள்.