நெஞ்சை அழுத்தப் படித்த முத்துக்கனி

கீரிப்பாறை பஸ் போகிற வழியில் ஒரு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிற நாராயணபெருமாளின் மனைவி முத்துக்கனி, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். நாற்பத்தெட்டாவது வயதில் மறுபடியும் படிக்க உட்கார்ந்தாள். பாடம் ஒன்றே ஒன்றுதான். நின்றுபோன நெஞ்சை அழுத்தி ஓட வைப்பது எப்படி? வாத்தியார் போனுக்குள் இருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷம் முன்பு அவள் புருஷனின் அண்ணன் முற்றத்தில் விழுந்தார். சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒருவர் வாயில் சோடா ஊற்றினார். ஒருவர் காற்று வரட்டும் என்று எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் விலகாமல் நின்றார். முத்துக்கனி விசிறி எடுத்து வீசினாள். ஜீப் வந்தபோது வீசுவதற்கு அவசியம் இருக்கவில்லை.

போன ஆவணியில் நாராயணபெருமாளுக்கும் நெஞ்சு அடைத்தது. நாகர்கோவிலில் ஸ்டென்ட் வைத்து, பாரம் தூக்கக் கூடாது, ரோலர் சுற்றி ரப்பர் ஷீட் அடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். இந்த மனுஷன் விழுந்தாலும் நான் விசிறியோடுதான் நிற்பேனா?

மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் அஸ்வதி அந்த வீடியோவை அனுப்பினாள். வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று முத்துக்கனி பாடம் கேட்டாள். வாத்தியார் முப்பது அழுத்து அழுத்தி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் நகைக்கடை விளம்பரம் வரும். கழுத்து கொள்ளாத பொன்னோடு ஒரு மணப்பெண் சிரிப்பாள். அப்புறம் மறுபடியும் நெஞ்சு. அந்த மணப்பெண்ணும் பாடத்தில் சேர்ந்தவள் என்றே வெகுநாள் அவள் நினைத்திருந்தாள்.

வேகத்துக்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பாட்டை மனசுக்குள் பாடச் சொன்னார் வாத்தியார். முத்துக்கனிக்கு அது எங்கே தெரியும்? அய்யாவையே தெய்வமாகக் கும்பிடுகிற அய்யா வழியில் பிறந்து வளர்ந்தவளுக்கு வாயில் எப்போதும் இருக்கிற சொல் இரண்டு. 'அய்யா' என்று ஒரு அழுத்து, 'உண்டு' என்று ஒரு அழுத்து. பதினைந்து தடவை 'அய்யா உண்டு' சொன்னால் முப்பது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்ட அஸ்வதி, "சரியான வேகமாக்கும் அம்மா" என்றாள். முத்துக்கனிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அய்யாவுக்குத் தெரியாத வேகமா?

உயிருள்ள ஆளை அழுத்திப் பழகக் கூடாது என்று வீடியோவில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. ஆகவே ரப்பரை அழுத்தினாள். காலையில் ரப்பர்ப் பால் எடுத்து, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டால் வெள்ளைக் கட்டியாக உறையும். ரோலரில் கொடுக்குமுன் அதைக் கையால் அழுத்தித் தண்ணீரைப் பிழிய வேண்டும். கையை மடக்காமல், உடம்புப் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்க அழுத்தினாள். அழுத்திய கட்டி எழும்பி வரும்வரை விட்டுக்கொடுத்தாள். தினமும் எட்டுக் கட்டி, எட்டு நெஞ்சு. அந்த வருஷம் அவள் ஷீட் போல ஒரே கனத்தில் வேறு யாருடைய ஷீட்டும் இல்லை.

கை வைக்கிற இடத்தைப் பழகுவதற்கு மட்டும் ரப்பர் போதவில்லை. அதற்கு நாராயணபெருமாள் இருந்தார். மத்தியானம் சாப்பிட்டு அவர் கண்ணயர்ந்ததும் இரண்டு தோளிலும் அடி விழும்.

"ஏங்க! கேக்குதா? ஏங்க!"

"இருக்கேன்டி. போ."

"இருக்கியன்னு எனக்கு எப்படித் தெரியும்? மூச்சுச் சத்தமே கேக்கல்ல."

"கொறட்ட விட்டா ஊரே ஒறங்காதுன்னு சொல்லுக. விடாமக் கெடந்தா செத்துட்டான்னு வாற. நான் எப்படித்தான் கெடக்கணும், அதயாவது சொல்லு."

அவள் அவர் நெஞ்செலும்பின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அழுத்த மாட்டாள். பதினைந்து 'அய்யா உண்டு' சொல்லிவிட்டு எழுந்து போவாள். அவர் உறக்கமும் கூடவே எழுந்து போகும்.

இந்தப் படிப்புக்கு எதிர்க்கட்சியும் இருந்தது. எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ஞானையன். விடியுமுன் எழுந்து இருநூறு பேருக்கு வாட்ஸாப்பில் வைத்தியம் அனுப்புகிறவர். அவர் கொள்கை இருமல்.

"நெஞ்சு அடைச்சா விடாம இருமணும் தங்கச்சி. இருமுற இருமல்ல அடைப்புத் தெறிச்சுப் போவும். அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதாக்கும்."

"போதம் போன ஆளு எப்படிண்ணே இருமும்?"

"போதம் போறதுக்கு முந்தி இருமணும். இது அஞ்சாங் கிளாஸுக்கு வெளங்காது."

நாராயணபெருமாள் இருமல் கட்சியில் சேர்ந்தார். இருமலுக்குப் படுத்துக் கிடக்க வேண்டாம் என்பதே அவருக்குப் பெரிய சுகம். ஆனால் வீட்டில் ஒரு தடவை இருமிப் பழகினார். அடுப்படியிலிருந்து முத்துக்கனி இரண்டு கையையும் நீட்டியபடி ஓடி வந்தாள். அதன்பிறகு நிஜமான ஜலதோஷத்துக்குக்கூட அவர் இருமவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அய்யாவைக் கும்பிடுகிற தாங்கலில் மத்தியான வழிபாடான உச்சிப்படிப்பு முடிந்தது. நெற்றியில் நாமமும் தலையில் தலைப்பாகையுமாக ஆண்கள் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். ஞானையன் மட்டும் உட்காராமல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு இருமலின் மகத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்று இருமிக் காட்டினார். இரண்டு இருமிக் காட்டினார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். செய்து காட்டுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"இருமும் ஓய்!" என்று கத்தினார் நாராயணபெருமாள். "ஞானையா, இருமும்!"

ஞானையன் இருமவில்லை.

கஞ்சி அகப்பையோடு ஓடி வந்த முத்துக்கனி அகப்பையைப் போட்டுவிட்டு அவர் தோள்களைத் தட்டினாள். "அண்ணே! கேக்குதா? அண்ணே!"

'இருக்கேன், போ' என்று யாரும் சொல்லவில்லை. கரையில் போட்ட மீன் மாதிரி வாய் ஒரு தடவை திறந்து மூடியது. அது மூச்சில்லை என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

அதற்குள் பத்துப் பன்னிரண்டு போன் வெளியே வந்துவிட்டது. எல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் பேசுவதற்கு ஒரு போன்கூட ஒழிவாக இல்லை. ஒரு ஆளைச் சுட்டிக்காட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் பாடம். அவள் புருஷனைக் காட்டினாள். "நீங்க! நூத்தெட்டுக்கு அடிங்க!"

முட்டி போட்டாள். கை வைத்தாள். அழுத்தினாள்.

"போலீஸ் கேசாயிரும் பாத்துக்கோ" என்றார் ஒருவர். சாவிக்கொத்து ஒன்று வந்தது. சோடா ஒன்று வந்தது. உள்ளங்கைக்குக் கீழே 'டக்' என்று ஏதோ உடைந்தது. ரப்பரில் அந்தச் சத்தம் வந்ததில்லை. எலும்பு உடைந்தாலும் நிறுத்தாதே என்ற வாத்தியாரை நினைத்துக்கொண்டு வாய்விட்டே சொல்லத் தொடங்கினாள். "அய்யா! உண்டு! அய்யா! உண்டு!"

சனங்களுக்கு அது புரிந்தது. இத்தனை நேரமும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் கையைக் கூப்பிச் சேர்ந்து சொன்னார்கள். பக்தி கூடக்கூட இழுவையும் கூடியது. "அய்ய்ய்யா... உண்ண்டு..." என்று தாங்கலே முழங்க, அவள் கையும் அந்த இழுவையில் மந்தமாயிற்று.

"இழுக்காதீங்க!" என்று அலறினாள். "இங்க யாரும் தேரு இழுக்கல்ல! வெரசலாச் சொல்லுங்க!"

ஊர் வேகம் பிடித்தது. ஒவ்வொரு பதினைந்து முடியும்போதும் அவள் கண்ணுக்குள் அந்த நகைக்கடைப் பெண் வந்து சிரித்தாள். முத்துக்கனி அவளைத் தள்ளிவிட்டு அழுத்தினாள். தோள் இற்றுப்போயிற்று. போன்கள் எல்லாம் உயர்ந்தே இருந்தன. நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்த நாராயணபெருமாள் அவள் பக்கத்தில் முட்டி போட்டார்.

"மாறு."

"உங்க நெஞ்சுக்கு இது ஆகாது."

"முப்பது வருஷம் ஷீட் அடிச்ச கையாக்கும். மாறுட்டி!"

இடத்தை யாரும் அவருக்குக் காட்டவில்லை. எத்தனையோ மத்தியானம் தன் நெஞ்சில் அவள் கை இருந்த இடம் அது. அதே இடத்தில் வைத்து அழுத்தினார். முத்துக்கனி வாயால் ஞானையனுக்கு எண்ணினாள். கண்ணால் புருஷனின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு உயிருக்காக இன்னொரு உயிரை வைத்து விளையாடுகிறோமோ என்ற நினைப்பு வந்தது. நாலு பதினைந்து ஆனதும் அவரைப் பிடித்துத் தள்ளினாள். "போதும். தள்ளுங்க."

அவர் விலகிய இடத்தில், சோடாவோடு நின்றவர் சோடாவைத் தரையில் வைத்துவிட்டு வந்து முட்டி போட்டார். "எனக்கும் காட்டித் தா தங்கச்சி" என்றார்.

இருபது நிமிஷம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. பிரீனா என்ற பெண் இறங்கி மிஷினை ஒட்டி அதிர்ச்சி கொடுத்தாள். அப்புறம் நிமிர்ந்து, "இவர யாரு அழுத்துனது?" என்று கேட்டாள்.

ஊர் இரண்டடி பின்னால் போனது. போன்கள் மடிக்குள் போயின.

"நல்லா அழுத்தியிருக்கிய. துடிப்பு வந்துட்டு."

ஊர் மூன்றடி முன்னால் வந்தது.

அந்த வீடியோவை ஜில்லாவே பார்த்தது. பக்தர்கள் கூட்டாகச் சொல்லி எழுப்பிய அதிசயம் என்று மேலே எழுதியிருந்தது. முத்துக்கனியின் கொண்டை மட்டும் ஓரமாகத் தெரிந்தது. அதிசயந்தானே, யார் வழியாக நடந்தால் என்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாசம் கழிந்து ஒரு குலை மட்டிப்பழத்தோடு ஞானையன் வந்தார்.

"எலும்பு ரெண்டு போச்சு தங்கச்சி."

"மெல்ல அழுத்தியிருந்தா ஆளே போயிருக்கும் அண்ணே."

"அது செரிதான்." அவர் கண் நனைந்தது. துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆனா விழுறதுக்கு முந்தி நான் ரெண்டு இருமல் இருமினேன் பாத்தியா? அதாக்கும் உயிரப் புடிச்சு வச்சது."

அன்று சாயங்காலமே இருநூறு பேருக்கும் அது போய்ச் சேர்ந்தது. நாராயணபெருமாள்தான் கோபப்பட்டார். முத்துக்கனி சிரித்தாள். விசிறியோடு நிற்கவில்லை, அது போதும்.

மறுநாள் மத்தியானம் எட்டு ஷீட்டும் அடித்த களைப்பில் அவள் பாயில் சாய்ந்தாள். கண் சொக்கியதும் இரண்டு தோளிலும் அடி விழுந்தது.

"ஏட்டி! கேக்குதா? ஏட்டி!"

"இருக்கேன். போங்க."

நாராயணபெருமாள் போகவில்லை. முட்டி போட்டு, ஒரு கைமேல் ஒரு கையைக் கோத்து வைத்திருந்தார்.