பெல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பத்துநாலு கிலோமீட்டர்

காலை 8.40. சான் காண்டிடோ. இத்தாலியின் வடக்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு ஊர். உயரம் ஆயிரத்து நூற்றெழுபது மீட்டர் என்று மியூனிக்கில் இருக்கும் என் மகன் எழுதிக் கொடுத்திருந்தான். ஜூன் மாத வெயில் அடிக்கிறது, ஆனாலும் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. ரயிலடிக்குப் பக்கத்திலுள்ள வாடகை சைக்கிள் கடை வாசலில் நானும் என் சிநேகிதன் அந்தோணியும் நிற்கிறோம். எனக்கு எழுபத்தொன்று, அவனுக்கு எழுபது.

"சாந்தோம்லேர்ந்து சான் காண்டிடோ! ஒரு புனிதர் ஊட்லேர்ந்து இன்னொரு புனிதர் ஊட்டுக்கு இட்டாந்துட்ட அண்ணாச்சி" என்றான் அந்தோணி. ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். விசில் ஊதிப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேசவே வராது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மாம்பலம் ரயிலடியிலிருந்து ரங்கநாதன் தெருவுக்குச் சைக்கிள் கேரியரில் ஜவுளி மூட்டை தள்ளியவன், இன்று தியாகராய நகரில் மூன்று மாடிக் கடைக்கு முதலாளி. அந்தப் பழைய சைக்கிளைக் கடையின் முதல் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். சேலை எடுக்க வருபவர்கள் அதோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சைக்கிளின் பெல்லை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி, ஸ்பேனரோடு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். காரணம் அந்தோணியின் கண்.

அவனுக்குக் கண் நரம்பு கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. நேரே பார்த்தால் தெரியும், இரண்டு பக்கமும் இருட்டு. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல என்பான். அந்தக் குழாயும் நாளுக்கு நாள் சின்னதாகிறது. கச்சேரி ரோட்டில் ஒரு ஆட்டோ உரசியதும் அவன் மகள் ஸ்டெல்லா சைக்கிளைப் பூட்டிச் சாவியைப் பீரோவில் வைத்துவிட்டாள். "ஒரு தபா, வண்டி கிண்டி எதுவும் இல்லாத ரோட்ல ஓட்டிட்டா, அப்பால நானே வுட்டுர்றேன்" என்று அவன் என்னிடம் சொன்னான். சென்னையில் அப்படி ஒரு ரோட்டுக்கு எங்கே போவது? மகனிடம் கேட்டேன். இந்தப் பள்ளத்தாக்கைச் சொன்னான். காரும் லாரியும் வராத தனிச் சைக்கிள் பாதை, ஆற்றோரமாக நாற்பத்துநாலு கிலோமீட்டர், ஆஸ்திரியாவிலுள்ள லியன்ஸ் ஊர் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம். நான் டிக்கெட் போட்டுவிட்டேன். ஸ்டெல்லாவிடம், "ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து உடுதேன் தாயி" என்று வாக்கும் கொடுத்தேன்.

கடைக்காரப் பெண்ணிடம் விவரம் சொன்னதும், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்றைக் காட்டினாள்.

"பின்னால குந்திக்கினு வர்றதுக்கு நான் இன்னா உன் ஜவுளி மூட்டையா?" என்றான் அந்தோணி. தனித்தனியாக இரண்டு எடுத்தோம். ஒன்றுக்கு நாள் வாடகை இருபத்துநாலு யூரோ, நம் காசுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். லியன்ஸிலேயே விட்டுவிடலாம். மந்தைவெளியில் நான் ஓட்டிப் பழகிய வாடகை சைக்கிளுக்கு மணிக்கு ஐம்பது காசு.

காலை 9.15. என் பெல்லை மாட்டிக்கொண்டு முன்னால் கிளம்பினேன். ஏற்பாடு இதுதான். ஒரு அடி அடித்தால் நேரே வா. இரண்டு அடித்தால் வளைவு. விடாமல் அடித்தால் நில். அவன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

டிராவ் என்கிற ஆறு இங்கே பிறந்த குழந்தை, தாண்டிக் குதித்துவிடலாம்போல இருந்தது. புல் அறுத்துக் காயப்போட்ட வாசனை. மாடுகளின் கழுத்து மணியும் என் பெல்லும் தவிர வேறு சத்தமில்லை. ஆறாவது ஏழாவது கிலோமீட்டரில் இத்தாலி முடிந்து ஆஸ்திரியா வந்துவிட்டது. ஒரு பலகை, அவ்வளவுதான். நம் ஊரில் லாரி ஆபீஸ் வாசலில்கூட ஒருவன் கை காட்டி நிறுத்துவான்.

காலை 10.30. சில்லியான் என்ற ஊரில் காப்பி. அதைத் தாண்டிக் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று. உள்ளே நுழைந்ததும் இருட்டு. ஒரு அடி, ஒரு அடி என்று இடைவெளி விட்டு அடித்தேன். பலகைகள் தடதடக்க அவன் பின்னாலேயே வந்தான். வெளியே வந்ததும் சிரித்தான்.

"அடையாறு பாலம் ஞாபகம் கீதா?"

இல்லாமலா? நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்ச்சில் பூசை முடித்து வருவான், நான் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வாடகை சைக்கிளோடு லஸ் முனையில் நிற்பேன். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி, அடையாறு பாலம், அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரை. பாலத்தின் மேல் காற்று எதிர்த்து அடிக்கும். எழுந்து நின்று மிதிப்போம். பாலத்து இறக்கத்தில் இரண்டு பேரும் கையை விட்டுவிடுவோம். எதிரே பஸ் வந்தால் மட்டும் பிடித்துக்கொள்வோம். அப்போது எனக்கு இருந்தது இரண்டு சட்டை. இப்போது ஏசி காரில் அந்தப் பாலத்தைக் கடக்க இருபது நிமிடம் ஆகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்றே தெரிவதில்லை.

அதைப் பேசிக்கொண்டே போனதில்தான் தப்பு நடந்தது.

மதியம் 12.20. மிட்டெவால்ட் என்ற ஊர் நெருக்கம். நான் தலையைத் திருப்பி, அந்தக் காலத்தில் மூன்று மூட்டையை ஒரே நடையில் கொண்டுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்களில் வலப்பக்கம்தான் போக வேண்டும். காலையிலிருந்து நினைவாகப் போனவன், கதை ருசியில் நம் ஊர் வழக்கப்படி இடப்பக்கம் ஒதுங்கிவிட்டேன். வளைவில் எதிரே ஒரு நரைத்த தலை அம்மாள் வேகமாக வந்தார். அவர் கத்தினார். நான் சட்டென்று வலப்பக்கம் ஒடித்துத் தப்பித்தேன். பெல் அடிக்க மறந்துவிட்டேன்.

பின்னால் வந்தவனுக்கு வளைவு தெரியாது. நேரே புல்லுக்குள் போய்ச் சைக்கிளோடு சாய்ந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். அந்த அம்மாளும் இறங்கி வந்து தண்ணீர் ஊற்றி, அவன் முழங்கையில் மருந்துத்துணி ஒட்டினார். என்னைப் பார்த்து வலது கையை இரண்டு முறை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

"அந்தம்மாதான் கண்ணு மண்ணு தெரியாம வந்துச்சு" என்றேன்.

"அண்ணாச்சி, அந்தம்மா அதோட சோத்தாங்கை பக்கத்துலதான வந்துச்சு? நீதான ராங் சைடுல போன?"

நான் கீழே போட்டிருந்த என் சைக்கிளை எடுக்கப் போனேன்.

"நாப்பத்தெட்டு வருசமா பாக்கறேன், ஒரு தபா கூட என் தப்புன்னு நீ சொன்னதே இல்ல."

"ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. ரயில்ல போயிருவோம்லே. ஸ்டெல்லாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவன் சைக்கிளை நிமிர்த்திச் சீட்டைத் தடவி மண்ணைத் தட்டினான். குரல் முதல்முறையாக மெதுவாக வந்தது. "உன் பின்னால வந்தேன், வுயுந்தேன். இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர் கீது. ரோடு ஆத்தோரமா நேராப் போவுது, எனக்கு நேரா தெரியும். நான் முன்னால போறேன். நீ பின்னால வா. கதை வாணாம். இதுக்கப்பறம் எனக்கு இன்னொரு ரோடு கிடையாது அண்ணாச்சி."

ஸ்பேனரை எடுத்தேன். பெல்லைக் கழற்றி அவன் சைக்கிளில் மாட்டினேன். மாட்டும்போது, "தப்பு என்னுதுதான்" என்றேன்.

"இன்னா?"

"காதுல உழுந்துச்சுல்ல, ஏறு."

மதியம் 12.50. அவன் முன்னால், நான் பத்தடி பின்னால். பள்ளத்தாக்கு ஒடுங்கி, இரண்டு பக்கமும் பாறை உயர்ந்தது. ஆறு இப்போது பெரிய ஆளாகி இரைச்சல் போட்டது. அவன் நிதானமாக, வலப்பக்க ஓரத்துப் புல்விளிம்பைக் குழாய்க்குள் வைத்துக்கொண்டு மிதித்தான். வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தான். எனக்குத் தொண்டைவரை வார்த்தை வந்து வந்து நின்றது. ஐம்பது வருட வியாபாரத்தில் நான் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். எதிரே யாருமே இல்லாத இடத்தில்கூட அவன் பெல்லை அடித்தான். மலை அதைத் திருப்பி அனுப்பியது. ஒரு நேரான இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டான். ஐந்து எண்ணுவதற்குள் பிடித்துக்கொண்டான். நான் கண்ணை மூடவில்லை.

மதியம் 2.10. லியன்ஸ். அறுநூற்று எழுபது மீட்டர் உயரம், வெயில் சுட்டது. கடையில் சைக்கிளை ஒப்படைக்கும்போது அவன் பெல்லைக் கழற்றி நீட்டினான். "நீயே வச்சிக்க" என்றேன்.

திரும்பி வந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா அப்பாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அங்கிள், கீறல் இல்லாம கொண்டாருவேன்னீங்க?"

பாதை வழுக்கியது, வெளிச்சத்தில் கண் கூசியது என்று இரண்டு பதில் தயாராக வைத்திருந்தேன். "தப்பு என்னுது தாயி. ராங் சைடுல போயிட்டேன்" என்றேன். அவள் காப்பி போடப் போனாள்.

அந்தோணி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். ரோட்டுக்குச் சைக்கிளை எடுப்பதில்லை. சாவியைக் கேட்டு வாங்கி, என் பெல்லை மாட்டி, வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து சாயங்காலம் அரை மணி மிதிக்கிறான். பின் சக்கரம் காற்றில் சுற்றுகிறது. போன ஞாயிறு கேரியரில் நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"அங்கிள், ஸ்டாண்டு ஒடஞ்சுடும்!" என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லா கத்தினாள். வெளியே சாந்தோம் ரோட்டில் பஸ்ஸும் வேனும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"எங்கலே போறோம்?" என்றேன்.

அவன் பெல்லை ஒரு அடி அடித்தான்.