கங்கையம்மாளும் அசையாத டாக்டரும்

கங்கையம்மாள் சிட்டிக்கு வெளியே இருக்கும் அஸ்தினாபுரத்தில் ஒரு தெருவில் நின்று 'மீனு' என்று கூவினால், இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். கோவளத்து மீனவர் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்கு அந்தக் குரல்தான் கடை, போர்டு எல்லாம்.

கடலுக்குப் போகும் அவள் புருஷன் சம்பந்தம் நெஞ்சுவலியில் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. பேசுவதற்குக் குறையில்லை. ஆனால் 'மீனு' என்று கூவ வாயைத் திறந்தால் தொண்டையில் ஏதோ உருண்டு அடைக்கும், நெஞ்சு படபடக்கும், தலையில் இருக்கும் கூடை ஆடும். தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். குப்பத்துப் பெண்கள் ஒருதரம் வாய்விட்டு அழுதுவிடச் சொன்னார்கள். அழுகைதான் வரவில்லை. சாவன்றைக்கே வரவில்லை, ஊர் அதையும் ஒரு மாதம் பேசியது.

வேறு வழியில்லாமல் காலிங் பெல் அடித்து விற்றுப் பார்த்தாள். சிலிண்டர் வந்ததென்று கதவைத் திறந்தவர்கள் மீனைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள்.

அப்படிக் கதவைத் திறந்தவர்களில் ஒருத்தி சரிதா. மனநலத்துக்கான ஒரு டிரஸ்டில் வேலை பார்த்தாள். இரண்டாயிரத்து ஏழில் அந்த டிரஸ்ட், மோகன்ராஜ் என்பவனின் பிரவுசிங் சென்டரில் ஒரு கேபினை வாரத்துக்கு ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தது. சிட்டியில் இருக்கும் டாக்டரோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம், இலவசம். பைத்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று சரிதா பலதரம் சொன்ன பிறகு, கூடையை வெளியே வைத்துவிட்டு கங்கையம்மாள் உள்ளே போனாள்.

திரையில் டாக்டர் அருள்மேரி வந்தார். "வணக்கம்மா, சொல்லுங்க" என்றார். சரிதா வெளியே போனதும் படம் அப்படியே நின்றுவிட்டது. டாக்டரின் வாய் பாதி திறந்திருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது.

வைத்தியமே இப்படித்தான் போலிருக்கிறது என்று கங்கையம்மாள் மரியாதையாகக் காத்திருந்தாள். டாக்டரும் காத்திருந்தார். குறுக்கே பேசாமல் இவ்வளவு நேரம் தன் முகத்தையே யாரும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பேச ஆரம்பித்தாள்.

சம்பந்தத்துக்கு ஒரு வாரமாகவே வலி இருந்திருக்கிறது. டீக்கடையில் சொல்லியிருக்கிறான். ஐஸ் விற்கிறவனிடம் சொல்லியிருக்கிறான். வலை பின்னுகிற இடத்தில் எல்லோருக்கும் தெரியும். "எங்கிட்ட மட்டும் சொல்லல டாக்டரம்மா. எல்லாரும் அழு அழுன்றாங்க. எனுக்கு அந்தாள எழுப்பி நாலு அறை வுடணும்னுதான் கீது." அங்கிருந்து குரல் ஏறியது. பிளைவுட் தடுப்புக்கு அப்பால் சாட் செய்துகொண்டிருந்தவர்கள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்கள். நடுவில் மூச்சு வாங்கும்போது, கரையில் போட்ட கெளுத்தி மாதிரி வாயைத் திறந்துகொண்டே இருக்கிறீர்களே, வலிக்கவில்லையா என்று டாக்டரையும் விசாரித்தாள்.

சரிதா வந்து, உறைந்து நின்ற திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். கங்கையம்மாளோ, இந்த டாக்டர் ரொம்ப நல்லாக் கேட்கிறார் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் லைன் சுத்தமாக இருந்தது. டாக்டர் கேள்வி கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது. போன வாரம் மாதிரி சும்மா இருந்தால் தேவலை என்றாள்.

"போன வாரம் எங்க படமும் குரலும்தாம்மா உங்களுக்கு வராம நின்னுடுச்சு. உங்க குரல் எனக்கு முழுசா கேட்டுது. கெளுத்தியும் கேட்டுது."

கங்கையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டு, கோபப்படுவதில் தப்பில்லை என்றார். பிறகு கேட்டார்: "உங்ககிட்ட மட்டும் ஏன் சொல்லாம இருந்திருப்பாரு?"

முந்தானைக்குள்ளிருந்தே பதில் வந்தது. "சொன்னா கடலுக்குப் போவ வுட மாட்டேன்னு பயந்துகினு இருந்திருப்பான்."

"விட்டிருப்பீங்களா?"

"கால ஒடச்சி வூட்லயே குந்த வெச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அன்றைக்கு டாக்டர் நிஜமாகவே பேசாமல் இருந்தார்.

அதன்பிறகு மாத்திரை, மூச்சுப் பயிற்சி என்று சில மாதம் போயிற்று. பஸ்ஸில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவாள். வாந்தி வருகிறதென்று பயந்து பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். குரல் ஒரேயடியாக வரவில்லை. மீன் பெயர்களில் முதலில் 'நெத்திலி' மட்டும் வந்தது. 'சங்கரா' வர இன்னும் நாளானது.

அவளுடைய முறை முடிந்த ஒரு நாள், கடைக்காரன் மோகன்ராஜ் தயங்கித் தயங்கி, இந்த டாக்டர் ஆம்பளைகளையும் பார்ப்பாரா என்று அவளிடம் கேட்டான். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சரிதாவிடம் சொல்லி அவனைக் கேபினுக்குள் அனுப்பிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் தானே உட்கார்ந்துகொண்டாள். பிரிண்ட் எடுக்க வந்த காலேஜ் பையன் கடையில் மீன் வாசனை அடிக்கிறதே என்று முழித்துவிட்டு, ஓனர் எங்கே என்றான்.

"டாக்டராண்ட பேசினுகீறாரு. அவசரம்னா வேற கடைக்குப் போ, இல்லன்னா குந்து" என்றாள் கங்கையம்மாள்.

அவன் உட்கார்ந்தான்.